போஸ்டர் வரையாத திருடன்

1992 ஜூலையில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்ற அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் கோல்ட் என்ற துப்பாக்கி நிறுவனம் ஒரு விளம்பரம் போட்டது. பிள்ளையைப் படுக்க வைத்துப் போர்த்திவிடுகிறாள் ஒரு தாய்; கீழே கைத்துப்பாக்கிகள். தற்காப்பு உங்கள் உரிமை மட்டுமல்ல, பொறுப்பும்கூட என்கிறது வாசகம். படத்தில் திருடன் இல்லை. அவனை வரைகிற வேலையைப் படிக்கிறவளிடமே விட்டதுதான் கெட்டிக்காரத்தனம். இந்த வகைத் துப்பாக்கி விளம்பரப் போஸ்டர்கள் வீண்போகவில்லை. 2023இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

ஆபத்து வாசலுக்கு வெளியே இருக்கிறது என்பதுதான் இவற்றின் அடிப்படை வாதம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், பாதிக்கும் மேல். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. துப்பாக்கி அந்த மறுவாய்ப்பைக் கொடுப்பது அரிது. இந்த மரணத்தை எந்தப் போஸ்டராவது காட்டியதுண்டா?

பெண்ணுக்குத் துப்பாக்கி பலம் என்கிறார்கள். யார் கையில் இருக்கும் துப்பாக்கி என்று கேட்க வேண்டாமா? கலிபோர்னியாவில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு 2022இல் வெளியானது. தன்னிடம் துப்பாக்கி இல்லாமல், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் துணையின் கையால் சுடப்பட்டுச் சாகும் விகிதம், துப்பாக்கி இல்லாத வீட்டாரைப் போல் ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். கோல்ட் விளம்பரத்தில் திருடன் மட்டுமல்ல, புருஷனும் இல்லை.

அடுத்து அந்தப் பிரபலமான எண்: ஆண்டுக்கு 25 லட்சம் முறை துப்பாக்கி மக்களைக் காப்பாற்றுகிறதாம். ஆய்வாளர்கள் கேரி கிளெக்கும் மார்க் கெர்ட்ஸும் சுமார் 5,000 பேரைத் தொலைபேசியில் கேட்டு 1995இல் வெளியிட்ட கணக்கு இது. ஆமாம், துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டோம் என்றவர்கள் நூற்றுக்கு ஒருவர், இரண்டு பேர். அதை நாடு முழுவதற்கும் பெருக்கினால், சிலருடைய ஞாபகப் பிசகுகூட லட்சங்களாக வீங்கிவிடும். அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு லட்சத்துக்குள்.

துப்பாக்கியால் தப்பியவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. போலீஸ் வர ஒரு மணி நேரமாகும் பண்ணை வீட்டில் தனியாக இருப்பவர் அதை வைத்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. ஆனால் உரிமையைப் பொறுப்பாக்கும் இடத்தில்தான் போஸ்டர் நழுவுகிறது. 2008இல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றது. வைத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை.

அமெரிக்கச் சிகரெட் பெட்டிமீது 1966 முதல் எச்சரிக்கை அச்சாகிறது. துப்பாக்கி விளம்பரத்தில் அப்படி ஒரு வரியைப் போடச் சொல்லும் நாடு தழுவிய சட்டம் அமெரிக்காவில் இன்றும் கிடையாது.