எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய்க் கலப்பு

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் செலவு குறையுமென எண்ணும் குடியானவர்கள் எங்கும் உண்டு. அது வீண் சிக்கனம். பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அரைகுறையாய் எரிந்து பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் கரியாய்ப் படியும். எரியாத பங்கு கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். மண்ணெண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட எஞ்சின் வேறு.

ஆயினும் கலப்பு யாவும் தீதன்று. போளூர்ப் பக்கத்தில் விளையும் கரும்பின் ஆலைக்கழிவுப் பாகிலிருந்து வடிக்கத்தக்க எத்தனால், தன்னுள்ளேயே பிராணவாயுவை உடையது. ஆகையால் பெட்ரோல் முழுமையாய் எரியத் துணைபுரிவதுடன், எஞ்சின் தட்டுதலையும் குறைக்கும். இதன்பொருட்டு 1948-லேயே இந்தியாவில் சட்டம் இயற்றப்பட்டது. 2025-ல் கலப்பு நூற்றுக்கு 20 பங்கை எட்டிற்று.

எத்தனாலுக்கும் குறையுண்டு. அதன் எரிசக்தி பெட்ரோலினும் குறைவு, பழைய ரப்பர்க் குழாய்களை அது கெடுக்கக்கூடும், ஈரத்தையும் இழுக்கும். நீர் மிகுந்தால் பெட்ரோலினின்று பிரிந்து தொட்டியடியில் தங்கும். ஆதலின் மருந்து தெளிப்பு முடிந்து எஞ்சினை நெடுநாள் நிறுத்துமுன், தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்துவிடல் வேண்டும்.

எத்தனாலைக் கலப்பது எண்ணெய்க் கம்பெனியாரின் வேலை; தொட்டியை உலர்ந்ததாய்க் காப்பது உழவரின் வேலை. கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.