கறுப்புப் பொட்டிக்குக் கும்பிடு போடுறத நிறுத்துங்க சாமிகளா!

டிஸ்கி: இது ஆணி சம்பந்தப்பட்ட பதிவு. பொட்டி தட்டாத மக்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதப் பார்த்திருக்கேன். புரியலைன்னா பின்னூட்டத்துல திட்டுங்க, வாங்கிக்கிறேன் :-)

"டிரைவரோட மூலநிரல் திறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன? வேலை செஞ்சா போதாதா? அதுவும் மெயின்ஃப்ரேம்! கோடிக்கணக்குல காசு கொடுத்து வாங்கறான், சப்போர்ட் ஒப்பந்தம் இருக்கு, போன் போட்டா ஆள் பேசப்போறான். உனக்கு எதுக்குய்யா சோர்ஸ் கோடு?"

இந்த வாதத்தை நான் இதுவரைக்கும் பத்துப் பேர்கிட்டயாவது கேட்டாச்சு. சொல்றவங்க எல்லாருமே நல்லா வேலை தெரிஞ்சவங்க. அதனாலதான் கடுப்பு அதிகமா வருது. தெரியாதவன் சொன்னா சிரிச்சிட்டுப் போயிடலாம். தெரிஞ்சவன் சொன்னா சண்டைதான் போடணும். இந்தப் பதிவு அந்தச் சண்டை.

முதல்ல ரெண்டு வரி அறிமுகம். மெயின்ஃப்ரேம்ல லினக்ஸ் ஓடுங்கறது இப்போ பழைய செய்தி. 1999 டிசம்பர்ல ஐபிஎம் அதுக்கான நிரலை வெளியிட்டுது. அந்தப் பொட்டியில வெளியுலகத்தோட பேசறதுக்கு ஓஎஸ்ஏ-ன்னு ஒரு நெட்வொர்க் கார்டு. அதை லினக்ஸ்ல இருந்து ஓட்டறது கியூஎத்-ங்கற டிரைவர். நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு கார்டு, ஒரு முதலாளி. அங்க அப்படி இல்லை. ஒரே கார்டைப் பல இயங்குதளங்கள் ஒரே நேரத்துல பங்கு போட்டுக்கும். ஒரு லினக்ஸுக்கு அதுல மூணு முகவரி வேணும்: படிக்க ஒண்ணு, எழுத ஒண்ணு, டேட்டாவுக்கு ஒண்ணு. 0600, 0601, 0602 மாதிரி. இந்த மூணையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு 'ஆன்லைன்' பண்ணாதான் நெட்வொர்க் உயிர் பெறும்.

இந்தப் 'பங்கு போடறது'தான் முக்கால்வாசித் தலைவலிக்குக் காரணம். அபார்ட்மென்ட் வாசல்ல ஒரு வாட்ச்மேன் இருக்கார்னு வைங்க. அவர் நோட்டுல பேர் இருந்தாத்தான் தபாலை உள்ள விடுவார். பேர் இல்லைன்னா குப்பையில போட்டுடுவார், யார்கிட்டயும் சொல்லமாட்டார். ஓஎஸ்ஏ கார்டு அந்த வாட்ச்மேன் மாதிரி.

இப்போ ஒரு உண்மைக் கதை. பேரெல்லாம் கேட்காதீங்க.

எங்க கஸ்டமர் ஒருத்தர் மெயின்ஃப்ரேம்ல ஒரு லினக்ஸை ஏத்தி, அதுக்குள்ள கேவிஎம் போட்டு, நாலு குட்டி லினக்ஸை எழுப்பினார். குட்டிகள் எல்லாம் ஒரு பிரிட்ஜ் வழியா கார்டுக்குப் போகணும். தாய் லினக்ஸ்ல இருந்து பிங் போகுது. குட்டிகள்ல இருந்து போகலை. ராத்திரி 11 மணிக்கு கான்ஃபரன்ஸ் கால். நெட்வொர்க் அணி "சுவிட்ச் சரியா இருக்கு"ங்குது. மெயின்ஃப்ரேம் அணி "கார்டு சரியா இருக்கு"ங்குது. லினக்ஸ் அணி "பிரிட்ஜ் சரியா இருக்கு"ங்குது. எல்லாரும் சரி, பிங் மட்டும் தப்பு! மறுநாள் ரீபூட் பண்ணாங்க. அப்புறம் கேபிள் மாத்தினாங்க. அப்புறம் குட்டிகளை அழிச்சுட்டுப் புதுசா எழுப்பினாங்க. மூணு நாள் இப்படியே போச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, லினக்ஸ் கர்னல் லாக்ல "இந்த இடைமுகம் ப்ரோமிஸ்க்யுவஸ் முறைக்குப் போயாச்சு"ன்னு தெளிவா ஒரு வரி இருந்துச்சு. அதாவது, "எந்த முகவரிக்கு வந்த பொட்டலமா இருந்தாலும் எனக்குக் கொடு"ன்னு கார்டுகிட்டச் சொல்லியாச்சாம். அந்த ஒரு வரியை நம்பித்தான் எல்லாரும் சுவிட்சை நோண்டிக்கிட்டு இருந்தாங்க.

நாலாம் நாள் டிரைவரோட மூலநிரலைத் திறந்து பார்த்தோம். விஷயம் நாலஞ்சு வரியில இருந்துச்சு. கார்டு அந்த முறையை ஆதரிச்சா கட்டளை அனுப்பு. ஆதரிக்கலையா, பிரிட்ஜ் போர்ட்டுக்கான ஒரு அமைப்பு போட்டிருந்தா அதை மாத்து. ரெண்டும் இல்லையா? ஒண்ணும் பண்ணாதே. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது, சும்மா திரும்பி வந்துடும். லாக்ல அந்த வரியை எழுதினது கர்னலோட பொதுப் பகுதி. அதுக்குக் கீழ டிரைவர் என்ன பண்ணுச்சுன்னு அதுக்கே தெரியாது.

எங்க கார்டு ஆதரிக்கலை. ஏன் ஆதரிக்கணும்? பக்கத்து வீட்டுக்காரனும் அதே கார்டுலதான் இருக்கான். அவன் தபாலை எனக்கு எப்படிக் கொடுப்பாங்க? நியாயம்தானே. குட்டிகளோட மேக் முகவரி வாட்ச்மேன் நோட்டுல இல்லை, அதனால பொட்டலம் எல்லாம் வாசல்லயே குப்பைக்குப் போச்சு. தாயோட கியூஎத் அமைப்புல பிரிட்ஜ் ரோலை 'ப்ரைமரி'ன்னு மாத்தினோம். பிங் போச்சு. மூணு நாள் வேலைக்குத் தீர்வு ஒரே ஒரு வார்த்தை.

யார் மேலயும் குறை சொல்ல இதை எழுதலை. என் கேள்வி ஒண்ணுதான். அந்த நாலஞ்சு வரி மூடியிருந்தா என்ன ஆகியிருக்கும்? லாக் ஒண்ணு சொல்லுது, கார்டு இன்னொண்ணு பண்ணுது. நடுவுல இருக்கற டிரைவர் இருட்டு. அப்போ நாம பண்றது பிரச்சினையைத் தேடறது இல்லை மக்களே, சோழி உருட்டிக் குறி பார்க்கறது.

"ஒரு கற்பனை நிலைமையை வச்சு வாதாடறே"ன்னு சொல்லாதீங்க. இது நிஜமாவே நடந்திருக்கு.

மெயின்ஃப்ரேம் லினக்ஸோட ஆரம்ப வருஷங்கள்ல, 2.2, 2.4 கர்னல் காலத்துல, இந்த நெட்வொர்க் டிரைவர்கள் மூலநிரலோட வரலை. எல்சிஎஸ், அப்புறம் கியூடிஐஓ, கியூஎத் எல்லாம் வெறும் பைனரியாத்தான் வந்துச்சு. அதுக்கு ஓசிஓ-ன்னு ஒரு கௌரவமான பேர் வேற. கார்டோட பேசற முறை கம்பெனி ரகசியமாம். லினக்ஸுக்காக 100 கோடி டாலர் செலவழிக்கப் போறோம்னு 2000 டிசம்பர்ல ஐபிஎம் அறிவிச்சுது. அந்தச் சமயத்துலதான் இந்தக் கூத்து. வீடு பூரா கதவைத் திறந்து வச்சுட்டு, வாசக்கதவை மட்டும் பூட்டின மாதிரி.

அதோட விலை என்ன? பைனரி மாட்யூல் எந்தக் கர்னலுக்குக் கட்டப்பட்டதோ அதுக்கு மட்டும்தான் சரியா வரும். கர்னல்ல ஒரு பாதுகாப்பு ஓட்டை, ஒட்டு வந்தாச்சு, நீங்களே கர்னலை மறுபடி கட்டறீங்க. ஆனா நெட்வொர்க் டிரைவர் பழைய கர்னலோடது. புது பைனரி வர்ற வரைக்கும் ஒண்ணு ஓட்டையோட ஓடணும், இல்லை நெட்வொர்க் இல்லாம ஓடணும். நெட்வொர்க் இல்லாத சர்வரை வச்சு என்ன பண்ணுவீங்க, பொங்கலுக்கு வெள்ளையடிப்பீங்களா? பிரச்சினைன்னு கர்னல் ஆளுங்ககிட்டப் போனாலும், மூடின மாட்யூல் ஏத்தின கர்னல் மேல 'கறைபட்டது'ன்னு முத்திரை இருக்கும். "முதல்ல அதைக் கழட்டிட்டு வா"ம்பாங்க. கழட்டினா நெட்வொர்க்கே இல்லையே!

அப்புறம் புத்தி வந்துச்சு. 2003 டிசம்பர்ல 2.6.0 கர்னல் வந்தப்போ அதுக்குள்ள கியூஎத்தோட மூலநிரல் இருந்துச்சு. திறந்ததும் அதே ஐபிஎம்தான், அதுக்குப் பாராட்டு கொடுத்தே ஆகணும். திறந்ததால கம்பெனி அழிஞ்சு போச்சா? ரகசியம் போச்சேன்னு யாராவது தெருவுக்கு வந்தாங்களா? இல்லையே.

இந்தச் சண்டை லினக்ஸுக்கு முன்னாடியே இருந்ததுதான். ஐபிஎம்மோட விஎம் இயங்குதளம் ஒரு காலத்துல மூலநிரலோடதான் வந்துச்சு. வாடிக்கையாளர்கள் தங்களுக்கு வேணுங்கறபடி திருத்தி, ஒருத்தருக்கொருத்தர் பகிர்ந்துக்கிட்டாங்க. 1983 பிப்ரவரியில "இனி பைனரி மட்டும்தான்"னு அறிவிப்பு வந்துச்சு. ஷேர்-ங்கற பயனர் சங்கத்துல வருஷக்கணக்கா எதிர்ப்பு ஓடுச்சு. அன்னைக்கு எதிர்த்தவங்க யாரும் கட்டற்ற மென்பொருள் புரட்சியாளர்கள் இல்லை. டை கட்டின சிஸ்டம் புரோகிராமர்கள். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: ராத்திரி சிஸ்டம் படுத்தா, நாங்க பார்க்கறதுக்கு ஏதாவது இருக்கணும்.

சரி, இப்போ எதிர்வாதங்களுக்கு வர்றேன்.

"சப்போர்ட் ஒப்பந்தம் இருக்கே." இருக்கட்டும், வேணாங்கலை. ஆனா "நெட்வொர்க் வேலை செய்யலை"ன்னு டிக்கெட் போடறதுக்கும், "கார்டு ஹெக்ஸ் 2005 திருப்பி அனுப்புது, அதே மேக் முகவரியை வேற யாரோ ஏற்கெனவே பதிவு பண்ணியிருக்காங்க"ன்னு டிக்கெட் போடறதுக்கும் நடுவுல பல நாள் வித்தியாசம் இருக்கு. அந்த எண்களுக்கான அர்த்தம் டிரைவர் மூலநிரல்ல ஒரு பட்டியலாவே இருக்கு. திறந்து பார்க்க அஞ்சு நிமிஷம்.

"படிச்சாப் புரியுமா? எல்லாரும் கர்னல் எழுதறவங்களா?" எழுதச் சொல்லலையே, படிக்கத்தானே சொல்றேன். அம்மா சமையல் குறிப்பைப் படிக்கத் தெரிஞ்சவங்க எல்லாரும் ஓட்டல் நடத்தறவங்க இல்லை. இன்னொண்ணு: மெயின்ஃப்ரேமைத் தொட்டே பார்க்காதவன்கூட இந்த டிரைவரை வீட்டு லேப்டாப்ல இறக்கிப் படிக்கலாம். கர்னல் மரத்துல டிரைவர்ஸ், அதுக்குள்ள எஸ்390, அதுக்குள்ள நெட். அவ்ளோதான். கோடி ரூபா பொட்டியோட பாடத்தைக் காசில்லாம படிக்க இதைவிட வழி ஏது?

"கார்டுக்குள்ள இருக்கற ஃபர்ம்வேர் இன்னும் மூடித்தானே இருக்கு?" இதுதான் உருப்படியான கேள்வி. ஆமா, மூடித்தான் இருக்கு. லேயர் 3 முறையில ஏஆர்பி வேலையைக்கூடக் கார்டே பார்த்துக்கும், உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. ஆனா இது என் வாதத்துக்கு எதிரி இல்லை, சாட்சி. நம்மால முழுசாத் தேட முடியாம நிக்கற இடம் எதுன்னு பாருங்க. மூலநிரல் முடியற இடம்தான் அது.

கடைசியா, மெயின்ஃப்ரேம் ஆணி புடுங்கற நம்ம ஆளுங்களுக்கு. சென்னையிலயும் பெங்களூருலயும் நைட் ஷிஃப்ட்ல உட்கார்ந்து இந்தப் பொட்டிகளைக் காவல் காக்கறவங்க எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். "மெயின்ஃப்ரேம்னா அப்படித்தான், உள்ள எதையும் தொடாதே"ன்னு சீனியர் சொல்லிக் கொடுத்ததை ஜூனியருக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டே இருக்கோம். பூட்டி வச்சிருந்த காலத்துல அது நியாயம். பூட்டைத் திறந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் வாசல்லயே நின்னு கும்பிட்டுட்டு இருந்தா, தப்பு கம்பெனி மேல இல்லை.

அடுத்த தடவை பிங் போகலைன்னா, கான்ஃபரன்ஸ் காலுக்கு முன்னாடி மூணு வேலை பண்ணுங்க. கர்னல் லாக்கைப் படிங்க. எஸ்390டிபிஎஃப்-ல டிரைவர் தானே எழுதி வச்சிருக்கற குறிப்பைப் படிங்க. அதுல வர்ற எண்ணை மூலநிரல்ல தேடுங்க. அதுக்கப்புறம் ரீபூட் பத்திப் பேசுவோம்.

எதிர்க்கருத்து இருந்தா பின்னூட்டப் பொட்டி திறந்துதான் இருக்கு. அதுவும் மூடினது இல்லை ;-)