போட்டியும் தோழமையும்

போட்டியின்றி முன்னேற்றம் இல்லை என்பர் ஒரு சாரார். போட்டி பொறாமையை வளர்க்கும். ஆதலின் அதனை அறவே ஒழித்தல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். கந்தோரிலும் பாடசாலையிலும் பலரோடு உடனிருந்து தொழில் புரிவார்க்கு இவ்விரண்டும் முழு உண்மையாகா. எதிற் போட்டி தகும், எதிற் கூட்டு வேண்டும் என்று பகுத்தறிதலே முறை.

நம் புத்தூரின் அயலூராகிய சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு வெளிவந்தது. அதனைப் பரிசோதித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள், பதிப்பித்தவர் பிள்ளையவர்கள். இருவர் உழைப்பு ஒரு நூலாயிற்று. பிற்காலத்திற் பிள்ளையவர்கள் கும்பகோணத்தில் வாழ்ந்தபோது, அங்குக் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரவர்களிடம் சீவகசிந்தாமணிப் பிரதிகளைத் தமக்குத் தருமாறு கேட்டார்கள். அந்நூலைத் தாமே பதிப்பிக்க உறுதி பூண்டிருந்த ஐயரவர்கள் இசைந்திலர். இதனை அவர்களே தம் சுயசரிதையில் எழுதியுள்ளார்கள். விளைந்தது யாது? 1887இல் ஐயரவர்கள் சிந்தாமணியையும், அதே ஆண்டிற் பிள்ளையவர்கள் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். தமிழுக்கு இரண்டும் ஆதாயமே. ஏடுகளை அரித்த செல்லே இருவர்க்கும் பொதுப்பகையாயிருந்தது.

நாம் அஞ்சவேண்டிய போட்டி வேறு. ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவருள் ஒருவர் தம் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் பூட்டி வைப்பாராயின், நட்டமடைபவர் அயல் வகுப்பு மாணவர். இலிகிதர் ஒருவர் கோவையின் நிலையை உடனிருப்பார்க்குச் சொல்லாது விடுமுறையிற் செல்வாராயின், நட்டமடைபவர் வாயிலிற் காத்து நிற்கும் முதிய ஓய்வூதியர்.

இக்கேடு மனிதர் குணத்தால் மட்டும் விளைவதன்று. தலைவர் வகுக்கும் ஏற்பாட்டாலும் விளையும். மைக்ரோசொப்ட் நிறுவனம் ஊழியரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுத் தரப்படுத்தி, ஒவ்வொரு குழுவிலும் சிலரைக் கடைத்தரத்தில் வைக்கும் முறையைப் பல்லாண்டு கையாண்டு, 2013இற் கைவிட்டது. இத்தகைய முறையிலே தோழனுக்கு உதவுவோன் தனக்கே குழி தோண்டியவனாவான். பின்னர் யார்தான் உதவுவர்?

கூட்டு என்னும் பெயரால் உழைப்பாளியின் பயனைச் சோம்பேறி கொள்வானே என்பார்க்கும் விடையுண்டு. 1868ஆம் ஆண்டுப் பதிப்பிற் பரிசோதித்தவர் பெயரும் பதிப்பித்தவர் பெயரும் தனித்தனியே விளங்கியவாறு, அவரவர் பங்கு அவரவர்க்கு உரியதாக வெளிப்பட வைத்தல் தலைவர் கடன். பெறுபேற்றை மட்டுமன்றி, யார் யாருக்கு உதவினார் என்பதையும் அவர் கேட்டறிந்து பாராட்டுதல் வேண்டும்.

கல்லூரியை விட்டுத் தொழில் நாடிச் செல்லும் மாணவர்களே, செய்யுந் தொழிலைச் செவ்வனே செய்தலிற் போட்டியிடுங்கள். அறிந்ததை மறைத்தலில் மட்டும் எவரோடும் போட்டியிடாதீர்கள். நீங்கள் விட்டுச் செல்லும் மேசையில் அடுத்து வந்தமர்பவர் தடுமாறாது தொழிலைத் தொடர்வாராயின், அதுவே உங்கள் திறமைக்குச் சான்றாகும்.