சரக்கு யாருடையதோ, சட்டையைப் பிடிப்பது உங்களை!

(நமது நிருபர்)

"கடை வேண்டாம், குடோன் வேண்டாம், முதல் வேண்டாம். கையில் ஒரு செல்போன் போதும். மாதம் லட்ச ரூபாய்!"

தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டே செல்போன் பார்க்கிறவர்கள் இந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். 'டிராப் ஷிப்பிங்' என்று பெயர். கப்பல் வியாபாரமோ என்று மிரள வேண்டாம். சங்கதி சின்னது.

சூரத்தில் ஒரு மொத்த வியாபாரி. அவர் அனுப்பும் சேலைப் படத்தை உங்கள் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறீர்கள். கும்பகோணத்தில் ஒருவர் ஆசைப்பட்டு உங்களுக்குப் பணம் அனுப்புகிறார். லாபத்தை எடுத்துக்கொண்டு மீதியை சூரத்துக்கு அனுப்புகிறீர்கள். சேலை அங்கிருந்து நேராகக் கும்பகோணம் போகிறது. அதை நீங்கள் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் செய்திக்காக போலீஸ் நிலையம் போலீஸ் நிலையமாக அலைகிற எனக்கு, இதன் மறுபக்கம்தான் கண்ணில் படுகிறது.

பெஞ்சில் ஓர் அக்கா

தீபாவளி நெருங்கிய ஒரு சாயங்காலம். வடசென்னையில் ஒரு போலீஸ் நிலையம். பெஞ்சு ஓரத்தில் ஒரு குடும்பத்தலைவி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு பெண்கள் கோபமாக நின்றார்கள்.

விஷயம் இதுதான். அந்த அக்கா வீட்டிலிருந்தே சேலை வியாபாரம் செய்தவர். 19 பேரிடம் தலா 650 ரூபாய் வாங்கினார். மொத்தம் 12,350 ரூபாய். சேலைக்கும் கூரியருக்குமாகத் தலைக்கு 480 வீதம் 9,120 ரூபாயை மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிட்டார். பணம் போனது. சேலை வரவில்லை. அந்த ஆசாமியின் போனும் 'சுவிட்ச் ஆப்'.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பணம் யார் கணக்குக்கு வந்தது?"

"என் கணக்குக்குத்தான் சார்."

"அப்ப நீங்கதாம்மா திருப்பிக் கொடுக்கணும்."

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர், மறுநாளே ஜிமிக்கியை அடகுக் கடையில் வைத்தார். "நான் யாரையும் ஏமாத்தல தம்பி. நானும் ஏமாந்தவதான். ஆனா தெருவுல என்னைத்தானே திருடின்னு சொல்றாங்க?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்தத் தொழிலின் முழு வில்லங்கமும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. சரக்கு இன்னொருவர் கையில். பெயர் மட்டும் உங்களுடையது.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் துணி விற்கும் பையனைப் பாருங்கள். சாயம் போகுமா, கிழிசல் உண்டா என்று தொட்டுப் பார்த்துத்தான் கொடுக்கிறான். நீங்களோ பார்க்காத சேலைக்கு ஜாமீன் நிற்கிறீர்கள். படத்தில் மயில் கழுத்து நிறம். பார்சலைப் பிரித்தால் வெளிறிப்போன நீலம். திட்டு யாருக்கு? சூரத்துக்காரருக்கா?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

குமாஸ்தாக்களுக்கும் கடைக்காரர்களுக்கும் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு உதாரணம்.

சேலை அசல் 400. கூரியர் 80. ஒரு ஆர்டர் பிடிக்க விளம்பரச் செலவு 90. விற்பது 650. மிச்சம் 80 ரூபாய்.

வீட்டு வாசலில் பணம் வாங்கும் 'கேஷ் ஆன் டெலிவரி' முறையில் 10 பார்சல் அனுப்புகிறீர்கள். 7 பேர் வாங்கிக்கொண்டார்கள். லாபம் 560. மீதி 3 பேர் "வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். போன கூரியர் 80, திரும்பிய கூரியர் 80, விளம்பரம் 90. ஒன்றுக்கு 250 வீதம் நஷ்டம் 750. ஆக, 10 சேலை விற்கப் போய் கையிலிருந்து 190 ரூபாய் அம்போ! திரும்பி வந்த சேலையை மொத்த வியாபாரி ஏற்க மறுத்தால் இன்னும் 1,200 ரூபாய்க்குப் பட்டை நாமம்.

விலையை ஏற்றவும் முடியாது. அதே படத்தைப் போட்டு இன்னும் நூறு பேர் விற்கிறார்கள். உங்களைவிடப் பத்து ரூபாய் குறைக்க ஒருவராவது இருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

"நான் நடுவுல நின்னவன்தான் சார்" என்று சொல்லித் தப்ப முடியாது. 2020-ல் வந்த மின் வணிக விதிகளின்படி, சரக்கு பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, விற்பவர் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக்கூடாது. கும்பகோணத்துக்காரர் கும்பகோணத்தில் இருந்தபடியே நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்ச ரூபாய் வரை அவருக்குக் கட்டணம் இல்லை. அலைவது நீங்கள்தான்.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆண்டுக்கு 40 லட்சம் வரை விற்றால் பதிவு வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு பொதுவாகச் செல்லாது. பெங்களூருக்கு ஒரு சேலை விற்றாலும் பதிவு தேவை.

பெரிய கம்பெனி முத்திரை போட்ட செருப்பும் சட்டையும் விற்கிற தம்பிகள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். போலி முத்திரைச் சரக்கை விற்றால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. தக்க எச்சரிக்கையோடு வாங்கினேன், இன்னாரிடம் வாங்கினேன் என்று நிரூபித்தால்தான் தப்பலாம். பில்லே இல்லாமல் எதை வைத்து நிரூபிப்பது?

பணம் கொடுத்த யாரோ ஒருவர் 1930-க்கு போன் போட்டு சைபர் புகார் கொடுத்தால், உங்கள் வங்கிக் கணக்கே முடக்கப்படலாம். வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அதே கணக்கில்தானே கிடக்கிறது?

அப்படியானால் யாருக்கு லாபம்?

'டிராப் ஷிப்பிங் கற்றுத்தருகிறேன்' என்று பயிற்சிக் கட்டணம் வாங்குகிறாரே, பல நேரம் அவருக்குத்தான்! அவருக்குச் சரக்கும் இல்லை, ரிட்டர்னும் இல்லை. தவறான விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நடைபாதையில் கூடை வைத்து விற்கும் பாட்டியை விரட்ட வண்டி வருகிறது. "மாதம் லட்சம்" என்று ஆசை காட்டுகிறவர்கள் பக்கமும் அதிகாரிகளின் பார்வை கொஞ்சம் திரும்பட்டும்.

எல்லா மொத்த வியாபாரியும் மோசடிக்காரர் அல்ல. இந்தத் தொழிலில் ஒழுங்காகப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று வார்த்தை. முதலில் ஒரு சேலையைச் சொந்தக் காசில் வரவழைத்துத் துவைத்துப் பாருங்கள். பில் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள். வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், அன்றைக்கே 1930-க்கு போன் செய்யுங்கள்.

அந்த அக்காவைச் சமீபத்தில் பார்த்தேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நைட்டி, பாவாடை வாங்கி வந்து வீட்டுத் திண்ணையில் வைத்து விற்கிறார். 19 பேருக்கும் பணம் கொடுத்து முடித்துவிட்டாராம். ஜிமிக்கி மட்டும் இன்னும் அடகுக் கடையில்தான்.

"லாபம் கம்மிதான் தம்பி. ஆனா துணியைத் தொட்டுப் பார்த்துக் கொடுக்கிறேன். எவளும் என்னைத் திருடின்னு சொல்ல முடியாது" என்றார்.