காத்திருப்போர்க்கு ஒரு பழைய விளையாட்டு

மருத்துவமனையில் நேரம் மெதுவாகவே நகர்கிறது. பரிசோதனை முடிவுக்காகவும், மருத்துவரின் வருகைக்காகவும், டிரிப்ஸ் பாட்டில் தீர்வதற்காகவும் காத்திருக்கும் மணிகள் நீண்டவை. அவ்வேளையில் உடனிருப்பவர் ஒருவர் வீடியோ கேம் ஆடக் கண்டால், ‘நோயாளியை வைத்துக்கொண்டு விளையாட்டா?’ என்று முகம் சுளிப்போர் உண்டு. கட்டிலில் இருப்பவரே ஆடினால், ‘இந்த வயதில் இது தேவையா?’ என்பர். இவ்விதழைத் தொகுக்கும் நாங்கள் இக்கேள்விகளை ஏற்பதற்கில்லை. நோயுற்ற காலத்தில் ஒரு பழைய விளையாட்டை மீண்டும் கையில் எடுப்பது, மனம் தனக்குத் தேடிக்கொள்ளும் நியாயமான ஓய்வு என்பதே எங்கள் கருத்து.

எடுத்துக்காட்டாக, ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் ஆட்டத்தைக் கொள்வோம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் சாதனத்துக்காக, ஷிகெரு மியாமோட்டோவும் தக்காஷி தெசுகாவும் உருவாக்கி, 1985 செப்டம்பரில் கேசட் வடிவில் வெளிவந்தது அது. இசையமைத்தவர் கோஜி கோண்டோ. உலகெங்கும் 4 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. அக்கேசட்டில் இருந்த நினைவகம் வெறும் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரியது. அந்தச் சிற்றிடத்தில் 8 உலகங்களையும், உலகத்துக்கு 4 வீதம் 32 நிலைகளையும் அடக்கினர். இடத்தைச் சிக்கனப்படுத்த, வானத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே உருவத்தையே வரைந்து, நிறத்தை மட்டும் மாற்றினர்.

இன்று அதை மீண்டும் ஆடிப் பார்ப்போர் முதலில் வியப்பது, அது கற்றுக்கொடுக்கும் முறையை. விளக்கவுரை ஒன்றும் திரையில் தோன்றுவதில்லை. முதல் எதிரி தனியே, மெதுவாக வருகிறது. தாண்டத் தெரியாதவர் ஓர் உயிரை இழந்து, அடுத்த முறை தாண்டுகிறார். சற்று அப்பால் வெளிப்படும் காளானும் பகையோ என்று புதியவர் அஞ்சக்கூடும். அது குழாயில் மோதித் திரும்பி அவரிடமே வந்து சேர்கிறது. தொட்டதும் மாரியோ பெரிதாகிறான். அஞ்சியது நன்மையாயிற்று என்பதை ஒரு சொல்லுமின்றி உணர்த்திவிடுகிறது.

மருத்துவமனைக்கு இத்தகைய ஆட்டம் பொருந்துவதற்கு வேறு காரணங்களும் உள. ஒரு நிலையை முடிக்கத் தரப்படும் நேரம் 3 நிமிடத்துக்கும் குறைவு. செவிலியர் வந்தால் ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம். இடையிடையே விளம்பரம் வருவதில்லை. ‘இன்னும் பணம் செலுத்துக’ என்னும் கோரிக்கை இல்லை. ‘இன்று ஏன் ஆட வரவில்லை?’ என்று நள்ளிரவில் அழைக்கும் அறிவிப்பும் இல்லை. இன்றைய கைப்பேசி ஆட்டங்கள் பலவற்றுக்கு முடிவே கிடையாது. இதற்கு முடிவு உண்டு. களைத்திருக்கும் மனத்துக்கு முடிவுள்ள ஒரு செயல் பெரிய ஆறுதல்.

இன்னொன்றையும் கருத வேண்டும். 1990களில், ஃபேமிகாமைப் போலச் செய்யப்பட்ட மலிவான சாதனங்கள் இந்தியாவின் பல வீடுகளில் தொலைக்காட்சியோடு இணைக்கப்பட்டன. அன்று கேசட்டை ஊதி ஊதிச் செருகிய சிறுவர் சிறுமியர் இன்று நடுவயதினர். பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ துணையாக வார்டில் அமர்ந்திருப்போரில் அவர்களும் உளர். இவ்வாட்டத்தை இருவர் முறைவைத்து ஆடலாம். ஒருவர் உயிரிழந்ததும் மற்றவர் முறை வரும். ‘சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வலிக்கிறதா’ என்னும் மூன்று கேள்விகளுக்குள் சுருங்கிப்போன தாய்–மகன் உரையாடலில், ‘அம்மா, இப்போது உங்கள் முறை’ என்னும் நான்காவது வாக்கியம் சேருமாயின், அதன் மதிப்பு சிறிதன்று.

ஆயினும் ஒரு பிழையான ஒப்புமையை இங்கே மறுத்தாக வேண்டும். ‘நோயும் ஒரு விளையாட்டே, மனம் தளராமல் போராடினால் வெல்லலாம்’ என்று நல்லெண்ணத்தோடு கூறுவோர் பலர். விளையாட்டில் பள்ளம் அதே இடத்தில் இருக்கும். எதிரி அதே நேரத்தில் வரும். விழுந்தால், பொத்தானை அழுத்தத் தாமதித்தது நம் கையே. நோய்க்கு அத்தகைய ஒழுங்கில்லை. மருந்து பயன் தராதபோது, அந்நோயாளி சரியாக ஆடவில்லை என்று பொருளன்று. மறுபடியும் நோய் திரும்பியவர் தோற்றவரும் அல்லர். வலியோடு இருப்பவர் மீது இக்குற்றவுணர்வையும் ஏற்றலாகாது. விளையாட்டு ஆறுதல் தருவதே, அது நோயைப் போல் இல்லாததால்தான். முயற்சிக்கு உடனே பலன் தெரியும் ஒரு சிறிய இடத்தை அது சற்று நேரம் அளிக்கிறது. அவ்வளவே அதனிடம் எதிர்பார்க்கத் தக்கது.

சில எச்சரிக்கைகளும் தேவை. வலிப்பு நோய் உள்ளோரும், மினுங்கும் ஒளியால் துன்புறுவோரும், கண் அறுவை செய்துகொண்டோரும் மருத்துவரைக் கேட்காமல் ஆடலாகாது. டிரிப்ஸ் ஏற்றப்பட்ட கையை ஆட்டத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒலியை அடக்கி வையுங்கள். பக்கத்துக் கட்டிலில் உறங்குபவர் இருப்பார். கைமாறும் கருவியைத் துடைத்துக் கொடுங்கள். இரவில் விளக்கணைந்தபின் உறக்கமே முதல் மருந்து. உடனிருப்போர் ஆட்டத்தில் ஆழ்ந்து, நோயாளி அழைப்பதைக் கேளாதிருத்தல் கூடாது.

இவற்றைப் பேணி ஆடுவோரை எவரும் இகழ வேண்டியதில்லை. கட்டிலருகே யாரேனும் அப்பழைய ஆட்டத்தில் மூழ்கியிருக்கக் கண்டால், ‘இப்போது இது எதற்கு?’ என்று கேளாதீர். அருகில் அமர்ந்து, அடுத்த முறையை உங்களுக்குத் தருமாறு கேளுங்கள்.