கை தூக்கியதோடு வேலை முடிந்ததா, எம்.எல்.ஏ. அவர்களே?

 

"பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சங்கத்துக்கு எதுக்கு? தண்ணி, நெல் விலை, கரண்டு பேசுனா போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போன ஐப்பசியில் ராத்திரி மடை திருப்பப் போன நம்ம உறுப்பினர் ஒருவரை விரியன் கடித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அம்மா மட்டும்தான் இருந்தார், டாக்டர் இல்லை. 108-ல் ஏற்றி ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. நானும் கூடவே போனேன். உயிர் பிழைத்தார், கால்விரல் இரண்டு போச்சு. அவரிடம் போய் நெல் விலை மட்டும் பேசச் சொல்கிறீர்களா?

கிராமத்தில் தங்குகிற டாக்டர் வேண்டுமானால் கிராமத்துப் பிள்ளை டாக்டருக்குப் படிக்க வேண்டும். நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றாகிவிட்டது. 2017 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் கை தூக்கி நீட் விலக்கு மசோதா இரண்டை நிறைவேற்றினார்கள். அந்த செப்டம்பரிலேயே டெல்லியில் ஒப்புதல் மறுத்தாச்சு. 2019 ஜூலையில் உயர்நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்ன பிறகுதான் நமக்கு விஷயம் தெரிந்தது. ஆட்டுக்குட்டி காணோம் என்றால் நாம அன்னிக்குச் சாயங்காலமே தேடப் போறோம்! 2021-இல் கொண்டுவந்த மசோதாவுக்கும் கதி அதுதான். ஆளுநர் திருப்பியனுப்பினார், 2022-இல் மறுபடி நிறைவேற்றினார்கள், ஒப்புதல் கிடையாது என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

ஆனால் இன்னொன்று நடந்தது, அதை மறக்கக் கூடாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடத்தில் 7.5 சதவீதம் என்ற மசோதா 2020 செப்டம்பர் 15-இல் நிறைவேறியது. (கலையரசன் குழு சொன்னது 10 சதவீதம். மீதி இரண்டரை எங்கே போச்சு?) ஆளுநர் ஒன்றரை மாதம் வைத்திருந்தார். நாலா பக்கமும் சத்தம் கிளம்பியது. அக்டோபர் 29-இல் அரசே அரசாணை போட்டது. மறுநாளே ஆளுநரின் கையெழுத்து வந்துவிட்டது. நெருக்கினால் பேனா ஓடும்!

அந்த வருஷமே இடம் கிடைத்த சில பிள்ளைகள் தனியார் கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பின. அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே கட்டும் என்ற அறிவிப்பு வந்தது. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை லட்சத்துக்கு எங்கே போகும் என்பது மசோதாவுக்குக் கை தூக்கிய அன்றைக்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லையா?

அந்த முதல் பிள்ளைகள் ஐந்தரை வருஷப் படிப்பை முடித்து டாக்டராக வெளியே வருகிற நேரம் இது. அவர்களை நம்ம ஊருக்குக் கொண்டுவர என்ன ஏற்பாடு? சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. கட்டடம் இருக்கிறது, ராத்திரி டாக்டர் எங்கே? நம்ம தாலுகாவில் எத்தனை பணியிடம் காலி, பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருப்பு என்று எங்கள் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் எழுந்து கேட்க வேண்டும். வந்த பதிலை அச்சடித்து ஊர்ச் சாவடியில் ஒட்ட வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்கு எம்.எல்.ஏ. அலுவலகம் முன்பு மனு கொடுக்கும் போராட்டம். பச்சைத் துண்டோடு வாங்க, பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் அதன் அம்மாவையும் கூட்டி வாங்க. விரல் போனவர் முதல் மனுவைக் கொடுப்பார்.

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்