நானும் பட்டர் சிக்கனும், பன்றிக்காலும் பீரும்

டோக்கியோவில் நம்மாட்கள் நாலு பேர் கூடினால் ஒரு புலம்பல் நிச்சயம் உண்டு. "இந்தியச் சாப்பாடுன்னா இந்த ஊர்க்காரங்களுக்கு நானும் பட்டர் சிக்கனும்தான் பாஸ். இட்லின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது."

புலம்பலில் நியாயம் இருக்கிறது. இங்கே இருக்கும் 'இந்திய' உணவகங்களில் பலவற்றை நடத்துவது நேபாளத்துக்காரர்கள். தட்டைத் தாண்டித் தொங்குகிற சைஸில் ஒரு நான், கூடவே தித்திப்பாக ஒரு குழம்பு. (நான் என்றால் நான் இல்லை, அந்த ரொட்டி!) தந்தூர் அடுப்பு இல்லாத வட இந்திய வீட்டிலேயே தினம் நான் சுடுவதில்லை. மதுரைக்காரன் எங்கே போவான்?

சரி. இதே ஆட்களிடம் போன மாதம், "இந்த வாட்டி ஜெர்மன் சாப்பாடு சாப்பிட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். நாலு குடும்பம், எட்டு பெரியவர்கள். வந்த பதில் ஒன்றே ஒன்று. "ஐயோ, அது வெறும் பன்னிக்கறியும் பீரும் சார். உப்பு சப்பு இருக்காது." இதற்கு முன் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், ஒருத்தரும் இல்லை.

மக்களே, பன்றிக்கால் வறுவல், லிட்டர் குவளையில் பீர், தோல் டவுசர் போட்ட பாட்டுக் கோஷ்டி எல்லாம் தெற்கே இருக்கும் பவேரியா மாநிலத்தின் அடையாளம். மியூனிக்கில் 1810-ல் ஒரு இளவரசரின் கல்யாணத்தோடு ஆரம்பித்த அக்டோபர் விழா உலகப் பிரசித்தம் ஆனதில், அந்த ஊர்ச் சாப்பாடே ஜெர்மன் சாப்பாடு என்று ஆகிவிட்டது. வடக்கே ஹாம்பர்க்காரர் ரொட்டிக்குள் மீனை வைத்துச் சாப்பிடுகிறார். ரைன் பக்கம் மாமிசத்தை நாள்கணக்கில் வினிகரில் ஊறப்போட்டுச் சமைக்கிறார்கள். பெர்லினில் 1949-ல் ஹெர்டா ஹாய்வர் என்ற அம்மணி வறுத்த சாசேஜ் மேல் தக்காளி சாஸும் கறிமசால் பொடியும் போட்டு விற்க, அது அந்த ஊரின் தெருவோரச் சாப்பாடாகிவிட்டது. பவேரியாவை வைத்து ஜெர்மனியை அளப்பதும் பஞ்சாபை வைத்துத் திருநெல்வேலியை அளப்பதும் ஒன்றுதானே?

இன்னொரு வேடிக்கை. இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தெருமுனைக் கடையில் வாங்கித் தின்னும் பாம்குகென் கேக், அதுதான் மரத்தின் வளையம் மாதிரி அடுக்கடுக்காக இருக்குமே, அது அசல் ஜெர்மன் சரக்கு. 1914-ல் சீனாவில் ஜெர்மனியின் கையில் இருந்த சிங்தாவ் நகரை ஜப்பான் பிடித்தபோது, ஆயிரக்கணக்கானவர்களைக் கைதிகளாக இங்கே கொண்டுவந்தார்கள். அதில் ஒருவர் கார்ல் யூக்ஹைம், பேக்கரிக்காரர். 1919-ல் ஹிரோஷிமாவில் நடந்த ஒரு கண்காட்சியில் இந்தக் கேக்கைச் சுட்டு விற்றார். விற்ற கட்டடம் எது தெரியுமோ? இன்று அணுகுண்டு நினைவுச் சின்னமாக எலும்புக்கூடாக நிற்கிறதே, அதேதான். ஆக, ஜெர்மன் சாப்பாட்டை நாம் எப்போதோ வீட்டுக்குள் விட்டாகிவிட்டது. பெயர் தெரியாததால் பிடித்திருக்கிறது!

கடைசியில் போனோம். ஒரு நண்பர் பையிலிருந்து ஆவக்காய் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். புளித்த முட்டைக்கோஸ் வந்ததும் இன்னொருவர் "ச்சீ, ஊசிப்போச்சு" என்றார். அதில் வினிகர்கூடக் கிடையாது. உப்புப் போட்டு அழுத்தி வைத்தால் தானாகப் புளிப்பது. மாவு பொங்கினால்தான் இட்லி என்று வளர்ந்தவர்கள், நீராகாரம் குடித்தவர்கள், புளிப்பைப் பார்த்து மூக்கைப் பொத்துவதை என்னவென்று சொல்ல?

எனக்கு உறைத்தது அதுவல்ல. ஆறு மாதம் முன்பு பள்ளிக்கூடத்தில் என் மகளின் டப்பாவைத் திறந்ததும் ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டானாம், பெருங்காய வாசனைக்கு. ஒரு வாரம் அவள் சாம்பார் சாதம் வேண்டாம் என்றாள். அன்றைக்கு வாட்ஸ்அப் குழுவில் 'இவங்களுக்கு நம்ம கலாசாரத்து மேல மரியாதையே இல்லை' என்று பொங்கியவரும் 'ச்சீ' சொன்னவரும் ஒரே ஆள். மகள் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கமணி மேசைக்கு அடியில் என் காலை மிதிக்காவிட்டால் அங்கேயே கேட்டிருப்பேன்.

சைவக்காரர்களின் தயக்கத்தை நான் கேலி செய்யவில்லை. அது நியாயமானது. மாமிசம் வேண்டாம் என்பது கொள்கை, அதைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் உண்டு. ஸ்வாபியா பக்கத்து ஸ்பெட்ஸ்லே, பாலாடைக்கட்டியும் வறுத்த வெங்காயமும் போட்டது, எங்கள் மேசையில் முதலில் காலியானது அதுதான். இரண்டிலும் முட்டை இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, அதையும் கேளுங்கள். எனக்கு ஆகாதது 'தெரியும், தெரியும்' என்ற அலட்சியம் மட்டும்தான்.

அடுத்த மாதம் மறுபடி போகிறோம். ஆவக்காய் நண்பருக்கும் சொல்லியாயிற்று, வரட்டும். பாட்டில் மட்டும் வேண்டாம். மேசையிலேயே கடுகு விழுது வைத்திருக்கிறார்கள், மூக்கில் ஏறும்.